பால்பல் காக்கும் பெரியோர்

விடியலில் எழுந்து, பல் துலக்கி, முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்ட பின்னரே இறைவன் திருமுன் நிற்பது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் ஒழுக்கம். பல் துலக்காத வாயால் ஒரு வாய் காபியும் அருந்தாத பெரியோர் இன்றும் எத்தனையோ பேர் இருக்கின்றனர். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவையும் இந்த வரிசையையே விதிக்கிறது. காலைப் பொழுதில் குச்சியால் பல் துலக்கி, கண்களைக் கழுவி, அதன்பின் தனக்குத் தெரிந்த முறையில் தெய்வத்தைத் தொழ வேண்டும் என்கிறார் அதன் ஆசிரியர் பெருவாயின் முள்ளியார். இறைவனின் திருநாமத்தை உச்சரிக்கப் போகும் நாவையும் வாயையும் முதலில் தூய்மை செய்துகொள்ள வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி.

இந்தக் காலை ஒழுக்கத்தைப் பேரக் குழந்தைகளுக்குக் கற்றுத் தருவதில் பாட்டிமார்களும் தாத்தாமார்களும் குறை வைப்பதில்லை. ஆயினும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பலரின் வாயைத் திறந்து பார்த்தால் மனம் கலங்குகிறது. முன்பற்கள் பழுப்பேறிக் கரைந்து நிற்கின்றன. கடைவாய்ப் பற்களில் கருங்குழிகள் தென்படுகின்றன. அ, ஆ எழுதக் கற்கும் முன்னரே பல்வலியை அறிந்துகொள்ளும் குழந்தைகள் அவர்கள்.

நாள்தோறும் காலையில் துலக்கிய பல் ஏன் இப்படிக் கெடுகிறது என்று பெற்றோர் திகைக்கின்றனர். சிறு குழந்தைகளின் பல்லுக்கு மிகுந்த கேடு விளைவது இரவு நேரத்தில்தான். நாமோ காலையை மட்டும் காவல் காத்துவிட்டு, இரவைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

தாயும் தந்தையும் பணிக்குச் செல்லும் வீடுகளில் குழந்தைக்குச் சோறூட்டுவதும், கதை சொல்லித் தூங்க வைப்பதும் பெரும்பாலும் பெரியோர்களே. ஆகவே பேரக் குழந்தையின் பற்கள் நலமாக இருப்பதும் கெடுவதும் பெரிதும் அவர்கள் கையில் இருக்கின்றன. இக்கட்டுரை அவர்களுக்கே உரியது.

விழப்போகும் பல்தானே?

பால்பல் சொத்தையானால் நம் வீடுகளில் முதலில் எழும் ஆறுதல் மொழி, "விழப்போகிற பல்தானே, புதுப்பல் முளைத்தால் சரியாகிவிடும்" என்பது. அன்பினால் சொல்லப்படும் இச்சொல், குழந்தைக்குப் பெருந்தீங்கு செய்துவிடுகிறது.

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் கீழ்வரிசை முன்பல் முளைக்கத் தொடங்கும். சில குழந்தைகளுக்குச் சற்று முன்னதாகவும், சிலருக்குத் தாமதமாகவும் வருவதுண்டு. இரண்டரை வயது முதல் மூன்று வயதுக்குள் இருபது பால்பற்களும் நிறைந்துவிடும். இவற்றுள் முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்குகின்றன என்பது உண்மை. ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்து பணி செய்ய வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான கடைவாய்ப் பல்லுடன் குழந்தை இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது. அத்தனை ஆண்டுகளும் அந்தப் பல்லால்தான் அது சோற்றை மென்று உண்ண வேண்டும்.

பால்பல்லுக்கு இன்னொரு கடமையும் உண்டு. தனக்குக் கீழே ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. காலத்துக்கு முன்பே பால்பல்லைப் பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாய்ந்துவிடும். பின்னால் வரும் நிலைப்பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும். பால்பல்லின் வேரில் சீழ் கோத்தால், அடியில் வளரும் நிலைப்பல்லின் மேற்பூச்சையே அது பாதிக்கக் கூடும்.

தெளிவான பேச்சுக்கும் முன்பற்கள் துணை. த, ஸ போன்ற ஒலிகளைக் குழந்தை பழகும் வயதில் முன்பற்கள் கரைந்துபோனால் சொல் குழறும். வலி மிகுந்தால் உணவு குறையும், உறக்கம் கெடும், எடை கூடாமல் போகும். "பிள்ளை சோறே உண்ண மாட்டேன் என்கிறது, சிடுசிடுக்கிறது, எவர் கண் பட்டதோ" என்று திருஷ்டி சுற்றிப் போடும் வீடுகளில், சில வேளைகளில் காரணம் ஒரு சொத்தைப்பல்லாகவே இருக்கும். மெல்லும்போது வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயது அல்லவா அது?

விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. குழந்தைக்கு அது ஒரு சிறு திருவிழா. உரிய காலத்தில், தானாக ஆடி விழுந்த பல்லுக்கே அந்த மகிழ்ச்சி உண்டு. நான்கு வயதில் அழ அழப் பிடுங்கப்பட்ட பல்லுக்கு அது இல்லை.

பூச்சி எங்கிருந்து வருகிறது?

பல்லைப் பூச்சி அரித்துவிட்டது என்கிறோம். உண்மையில் கண்ணுக்குத் தெரியும் பூச்சி எதுவும் பல்லைத் துளைப்பதில்லை. வாயில் வாழும் நுண்ணுயிர்கள், பல்லில் ஒட்டியுள்ள சர்க்கரையையும் மாவையும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் எனாமல் எனப்படும் பல்லின் மேற்பூச்சைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. பால்பல்லின் எனாமல், பெரியவர்களின் பல்லில் இருப்பதைவிட மெல்லியது. ஆதலால் அதில் தோன்றும் சொத்தை விரைவில் நரம்பைத் தொட்டுவிடுகிறது.

இதற்கு இறைவன் ஒரு காவலையும் படைத்திருக்கிறான், அதுவே உமிழ்நீர். ஒருமுறை இனிப்பு உண்டபின் வாயில் தோன்றும் அமிலத்தை, ஏறத்தாழ அரைமணி நேரத்தில் உமிழ்நீர் தணித்துவிடுகிறது. எனாமல் இழந்த தாதுக்களையும் ஓரளவு மீண்டும் சேர்க்கிறது. ஆனால் அரைமணிக்கு ஒருமுறை ஒரு மிட்டாயோ பிஸ்கட்டோ வாய்க்குள் போய்க்கொண்டே இருந்தால், உமிழ்நீருக்குத் தன் பணியைச் செய்ய அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே, எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதைக் காட்டிலும், ஒரு நாளில் எத்தனை முறை உண்டோம் என்பதே பல்லுக்கு முக்கியமானது.

இந்த நுண்ணுயிர்கள் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு உமிழ்நீர் வழியாகப் பரவக்கூடியவை. தம் வாயில் வைத்துப் பார்த்த கரண்டியையே குழந்தைக்கு ஊட்டுவதும், தாம் கடித்து மென்று மென்மையாக்கிய தின்பண்டத்தைக் கொடுப்பதும் அன்பின் பழைய வழக்கங்கள். எச்சில் பார்ப்பது நம் மரபு. இந்த ஓரிடத்திலும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது. வீட்டில் உள்ள பெரியவர்கள் தங்கள் சொத்தைப் பற்களுக்கு மருத்துவம் செய்துகொள்வதும் பேரக் குழந்தைக்குச் செய்யும் உதவியே.

இரவுப் பாலும் இருவேளை விதியும்

குழந்தை உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. பகலில் இருந்த காவல் அப்போது இருப்பதில்லை. அந்த வேளையில் சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் ஊற்றி, வாயில் வைத்தபடியே உறங்க விடுகிறோம். பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றித் தேங்கி, இரவு முழுவதும் நிற்கிறது. மேல் முன்பற்கள் முதலில் கரைந்து, நாக்கு மூடிக்காக்கும் கீழ் முன்பற்கள் பெரும்பாலும் தப்பிவிடுவதன் காரணம் இதுவே. பால்புட்டிக்குப் பதிலாகத் தேனில் தோய்த்த ரப்பர் காம்பை வாயில் வைப்பதும் இதே கேட்டை விளைவிக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எவ்வகையிலும் தரலாகாது. பச்சிளங்குழந்தையின் குடலில் நச்சு உண்டாக்கும் நுண்ணுயிர் வித்துகள் அதில் இருக்கக் கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். சேனை வைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பால் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். தாய்ப்பால் குழந்தைக்கு அமுதம். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இரவு உணவுக்குப்பின் பசும்பால் தருவதாயின், சர்க்கரை சேர்க்காமல், டம்ளரில் ஊற்றி, அமர்ந்து குடிக்கச் செய்யலாம். குடித்த பின் பல் துலக்கிவிட வேண்டும். பல் துலக்கிய பிறகு தாகம் எடுத்தால் தண்ணீர் மட்டுமே. இரவில் தரும் இனிப்பான இருமல் மருந்துக்கும் இதே விதி பொருந்தும்: முதலில் மருந்து, பின்னர் பல் துலக்கல்.

"இரவில் பல் துலக்குவது மேல்நாட்டாரின் பழக்கம், நமக்குக் காலை ஒன்றே போதும்" என்று எண்ணுவோர் உளர். நம் பழைய ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதையைப் புரட்டினால் இவ்வெண்ணம் மாறும். அதன் சூத்திர ஸ்தானத்தில் பல்குச்சியைப் பற்றிப் பேசும் இடத்தில், நாளுக்கு இருவேளை துலக்க வேண்டும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. குச்சியின் நுனியை நசுக்கி மென்மையாக்கிக்கொள்ள வேண்டும், ஈறுகள் புண்படாதவாறு துலக்க வேண்டும் என்னும் இரண்டு எச்சரிக்கைகளும் அங்கேயே உள்ளன. இருவேளை, மென்மையான நுனி, ஈறுக்குத் தீங்கில்லாத கை. இன்று பல் மருத்துவர் சொல்வதும் இவையேயன்றி வேறில்லை. நம் நூல் சொன்ன இரண்டு வேளைகளில் ஒன்றை நாம் இடையில் கைவிட்டோம். அதைப் பேரக் குழந்தையின் பொருட்டு மீட்டெடுப்போம்.

பிரசாதத்தை மறுக்க வேண்டுமா?

இனிப்பைக் குறைக்கச் சொன்னால் பெரியோர் மனத்தில் எழும் தயக்கம் இயல்பானது. சர்க்கரைப் பொங்கலும், பஞ்சாமிர்தமும், அப்பமும், லட்டும் இறைவன் திருமுன் வைத்துப் பெறுபவை. அவற்றைக் குழந்தைக்கு எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டியதே இல்லை. கோயிலில் பெற்ற பிரசாதத்தை அங்கேயே, ஒரே வேளையில் உண்ணச் செய்து, பின்னர் இரண்டு மிடறு தண்ணீர் குடிக்கச் செய்தால் போதும். பல்லுக்கு அதனால் பெருங்கேடு வராது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிரசாதத்தை உணவு வேளையில், உணவோடு சேர்த்துத் தரலாம். உணவின்போது உமிழ்நீர் மிகுதியாகச் சுரப்பதால், தனியே தரும் இனிப்பைவிட அது தீங்கு குறைந்தது.

கேடு வருவது வேறு வழியில். குழந்தை அழும்போதெல்லாம் அடக்குவதற்கு ஒரு கற்கண்டு. தொலைக்காட்சி பார்க்கும்போது ஒரு கிண்ணம் பிஸ்கட். கடைக்குப் போய்வந்த தாத்தாவின் பையில் ஒரு மிட்டாய். மாலையில் பஞ்சாமிர்தத்தை விரலால் தொட்டு மீண்டும் மீண்டும் நாவில் தடவுதல். ஒவ்வொன்றும் சிறிதே. ஆனால் நாள் முழுவதும் பல் அமிலத்தில் நனைந்தபடியே இருக்கிறது. பஞ்சாமிர்தம், பேரீச்சை, கடலை மிட்டாய் போன்ற ஒட்டும் தன்மையுள்ள பண்டங்கள் பல்லிடுக்கில் நெடுநேரம் தங்குபவை. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி ஆகியவை வெள்ளைச் சர்க்கரையைவிட நல்லவை என்று கருதித் தாராளமாகத் தருகிறோம். பல்லைப் பொறுத்தவரை அவையும் சர்க்கரையே.

இந்த இடத்தில் இல்லங்களில் ஒரு மனத்தாங்கல் எழுவதுண்டு. தாய் "வேண்டாம்" என்று நிறுத்திய இனிப்பை, அவள் அறியாமல் பாட்டி குழந்தையின் கையில் வைக்கிறார். "நாங்களெல்லாம் இப்படி வளரவில்லையா" என்ற வாதமும் உடன் வருகிறது. அந்தக் காலத்துக் குழந்தைக்கு இனிப்பு கிடைத்தது பண்டிகைக்கும் திருவிழாவுக்கும்தான். இன்றோ தெருமுனைக் கடையில் தோரணமாகத் தொங்குகிறது, நாள்தோறும் கிடைக்கிறது. பழக்கம் மாறியபின் பழைய தாராளம் பொருந்தாது. மகளும் மருமகளும் வகுத்த விதியைப் பெரியோர் தாமே முன்னின்று காத்தால் குழந்தைக்கும் குழப்பம் இராது. வீட்டிலும் அமைதி நிலவும். அழுகிற குழந்தைக்கு மடியும் கதையும் தரலாம். பசித்த குழந்தைக்கு ஒரு வாழைப்பழத்தையோ, கொய்யாத் துண்டையோ, வேகவைத்த சுண்டலையோ தரலாம். சுண்டலும் இறைவனுக்கு நிவேதிப்பதுதானே?

துலக்கும் முறை

பல் முளைக்கும் முன்பே வாயைத் தூய்மை செய்யத் தொடங்கலாம். சுத்தமான மெல்லிய வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்து ஆற்றி, பிழிந்து, விரலில் சுற்றி, பால் குடித்தபின் ஈறுகளை மெல்லத் துடைத்துவிட வேண்டும். வாயில் கை படுவதற்குக் குழந்தை அப்போதே பழகிவிடும். முதற்பல் தோன்றியதும், குழந்தைகளுக்கென்றே விற்கப்படும் சிறிய தலையும் மென்மையான தும்புகளும் கொண்ட பிரஷை வாங்க வேண்டும்.

பற்பசையின் அளவில் கவனம் தேவை. மூன்று வயது வரை ஓர் அரிசிமணி அளவு போதும். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போல் பிரஷ் நீளத்துக்கும் பிதுக்குவது கூடாது. ஃபுளோரைடு சேர்ந்த பற்பசை எனாமலை வலுப்படுத்துகிறது. ஆனால் குழந்தை அதை விழுங்கிவிடக் கூடும் என்பதால்தான் இந்த அளவுக் கட்டுப்பாடு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்துள்ள ஊர்கள் உண்டு. அத்தகைய ஊர்களில் வாழ்வோர் எந்தப் பற்பசை தரலாம் என்பதைப் பல் மருத்துவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று. பற்பசை எப்போதும் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பாட்டி தரையில் அமர்ந்து, குழந்தையைத் தம் மடியில் தலை வைத்துப் படுக்கச் செய்தால் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் நன்கு தெரியும். தரையில் அமர இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து, குழந்தையைத் தம் முழங்கால்களுக்கிடையே முதுகு காட்டி நிற்க வைத்துத் தலையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துக்கொள்ளலாம். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷை வைத்துச் சிறு வட்டங்களாக மெல்லத் துலக்க வேண்டும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் மேற்பரப்பு என மூன்று பக்கங்களும் துலக்கப்பட வேண்டும். கடைவாய்ப் பல்லின் பள்ளங்களே சொத்தை தொடங்கும் இடம். அங்கே கூடுதல் கவனம் வேண்டும். மொத்தம் இரண்டு நிமிடங்கள் ஆகலாம். முடிந்ததும் நுரையைத் துப்பச் சொல்ல வேண்டும். பலமுறை வாய் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும்; ஆதலால் துப்பினால் போதும்.

"என் பேரன் தானே துலக்கிக்கொள்வான்" என்று மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிப் பெருமை கொள்வதுண்டு. தானே செய்ய விரும்பும் குழந்தையைத் தடுக்க வேண்டாம். முதலில் அது துலக்கட்டும். அதன்பின் பெரியவர் ஒருமுறை துலக்கிவிட வேண்டும். பிரஷை எல்லாப் பக்கமும் திருப்பும் கைத்திறன் ஏழெட்டு வயதில்தான் கைகூடுகிறது. அதுவரை பெரியவரின் கை தேவை.

பழைய பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்ற பழமொழியில் வரும் குச்சிகள் வளர்ந்தவர்களுக்கு உரியவை. நுனியை மென்று தும்பாக்கும் வலிமையும், ஈறில் குத்தாமல் திருப்பும் பக்குவமும் சிறு குழந்தைக்கு இல்லை. சாம்பல், செங்கற்பொடி, கரித்தூள், கல்லுப்பு ஆகியவை பால்பல்லின் மெல்லிய எனாமலைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பல்பொடியைச் சில வீடுகளில் பல்வலிக்கென்று பயன்படுத்தி வந்தனர். பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை 1992-ஆம் ஆண்டிலேயே நடுவண் அரசு தடை செய்துவிட்டது. குழந்தை இருக்கும் வீட்டில் அத்தகைய பொருளுக்கு இடமே இருக்கலாகாது. சொத்தைப் பல்லில் கிராம்புத் தைலத்தைத் தோய்த்து வைப்பதும் சிறு குழந்தைக்கு ஆகாது. அதன் காரம் ஈறைப் புண்ணாக்கும், விழுங்கினால் தீங்காகும்.

பெரியவர்கள் சிலர், குறிப்பிட்ட திதிகளிலும் விரத நாள்களிலும் பல்குச்சியைத் தவிர்த்து, பன்னிரண்டு முறை வாய் கொப்பளிக்கும் நியமத்தைக் கடைப்பிடிப்பர். அது விரதம் ஏற்றவர்க்குரியது. உண்டும் குடித்தும் இருக்கும் சிறு குழந்தைக்கு எந்நாளும் இருவேளைத் துலக்கலே ஏற்றது.

அச்சுறுத்தாமல் பழக்குதல்

குழந்தை சொல்லைக் கேட்டுக் கற்பதைவிடக் கண்டு கற்பதே மிகுதி. பாட்டி விளக்கேற்றினால் தானும் கைகூப்புகிறது; தாத்தா திருநீறு பூசினால் தானும் நெற்றியை நீட்டுகிறது. பல் துலக்கலும் அப்படியே. இரவில் தாத்தா தம் பல்செட்டைக் கழற்றிக் கழுவும் நேரமே பேரனின் பல் துலக்கும் நேரமாக அமையட்டும். "தாத்தாவின் பல் ஏன் கையோடு வருகிறது?" என்று குழந்தை கேட்கும். நேர்மையாக விடை சொன்னால், அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

இரண்டு நிமிடம் குழந்தைக்கு நெடுநேரம். அதற்குக் கைப்பேசியைக் காட்டி அமர்த்த வேண்டியதில்லை. தெரிந்த ஒரு சிறு துதியைப் பாட்டி மெல்லப் பாடியபடியே துலக்கலாம். பாட்டு முடியும் வரை வாய் திறந்திருக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. பிள்ளையார் ஒரு தந்தத்தை ஒடித்து, வியாசர் சொல்லச் சொல்ல மகாபாரதம் எழுதிய கதையை இந்த வேளைக்கென்றே வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கொம்பரைக் குழந்தைகளுக்கு எப்போதும் பிடிக்கும். அந்தக் கதை பல்லைப் பற்றிய பேச்சுக்கும் எளிதாக வழி திறக்கும்.

ஒரே நேரம், ஒரே இடம், ஒரே வரிசை என்பது பழக்கத்தின் உயிர். உணவு, பால், பல் துலக்கல், கதை, உறக்கம் என்ற வரிசை நாள்தோறும் மாறாது நடந்தால், சில வாரங்களில் குழந்தையே பிரஷைத் தேடி எடுத்து வரும். அடம் பிடிக்கும் நாளில் அடிப்பதும், "டாக்டரிடம் கூட்டிப் போய் ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டுவதும் கூடா. அந்த அச்சம் மனத்தில் தங்கினால், பின்னர் உண்மையிலேயே மருத்துவரிடம் போக வேண்டிய நாளில் குழந்தை வாயைத் திறக்காது. நன்றாகத் துலக்கிய நாளில் பாராட்டலாம். பாராட்டாக மிட்டாய் தருவது மட்டும் வேண்டாம்.

மருத்துவரிடம் செல்லும் காலம்

முதற்பல் முளைத்த சில மாதங்களுக்குள், முதல் பிறந்தநாளையொட்டி, பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. வலி வந்தபின் போவதைக் காட்டிலும், வலியில்லாத நாளில் போனால் குழந்தைக்கு அந்த இடம் பழகிவிடும். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டலாம்.

வீட்டிலேயே மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தூக்கி, வெளிச்சத்தில் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடு தெரிந்தால், அது சொத்தையின் முதல் அடையாளம். அந்நிலையில் கவனித்தால், துளையாகாமலே தடுத்துவிடலாம். பழுப்போ கருப்போ தெரிந்தால் காலம் தாழ்த்தலாகாது. ஒரு பக்கமாகவே மெல்லுதல், குளிர்ந்த நீரைக் குடிக்க மறுத்தல், இரவில் அழுது எழுதல் ஆகியவையும் குறிப்புகளே. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அது கைமருந்துக்குரிய நோயன்று. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவுகள் உள்ளன. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனித்துறையே இயங்குகிறது. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் குழந்தைகளின் பற்களையும் பார்க்கின்றனர். அவர்கள் வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திவிடாமல் அனுப்பி வையுங்கள்.

ஆறு வயதையொட்டி ஒரு செய்தியை மறவாதிருக்க வேண்டும். எந்தப் பல்லும் விழாமலே, கடைவாய்ப் பால்பற்களுக்குப் பின்னால் வரிசைக்கு இரண்டாக நான்கு புதிய பற்கள் முளைக்கும். இவை பால்பற்கள் அல்ல. வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய முதல் நிலைப்பற்கள். பால்பல் என்று எண்ணி இவற்றைக் கவனியாது விட்டுவிடுவோர் மிகுதி. பிரஷ் அந்தக் கடைசி மூலை வரை செல்கிறதா என்று பார்ப்பது பெரியவரின் பொறுப்பு.

பல்லின் அருமை, அதை இழந்தவர்க்கே நன்கு தெரியும். முறுக்கைப் பொடித்துத் தண்ணீரில் ஊறவைத்து உண்ணும் நிலை பலருக்கு வந்திருக்கலாம். ஸ்லோகம் சொல்லும்போது சொல் வழுக்குவதை உணர்ந்திருக்கலாம். பேரக் குழந்தை எழுபது வயதிலும் கரும்பைக் கடித்துத் தின்ன வேண்டும், இறைவன் நாமத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விரும்பாத தாத்தா, பாட்டி உண்டோ? அதற்கு நாள்தோறும் இரவில் இரண்டு நிமிடம் போதும். இன்றிரவு பூஜையறை விளக்கைக் குளிர்வித்த பின், குழந்தையை மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள்.